நின்று பார்க்க வேண்டிய இடங்கள்

1769 அக்டோபரில், வட இங்கிலாந்தின் கெஸ்விக் ஊருக்கருகே ஒரு சேற்றுச் சந்தில், அன்று பெயர்பெற்றிருந்த கவி ஒருவர் மல்லாந்து விழுந்தார். தாமஸ் கிரே. விழும்போது கையில் ஒரு சின்னக் கண்ணாடி திறந்தபடி இருந்தது. விரல் முட்டிகளில் அடிபட்டதோடு சரி. எழுந்து நடந்துபோய், சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். நண்பருக்கென்று எழுதிய பயணக்குறிப்பில் இதை அவரே சொல்கிறார்.

அந்தக் கண்ணாடி முக்கியமானது. சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. சற்றே குவிந்த, கருமை பூசிய ஆடி. 17ஆம் நூற்றாண்டு ஓவியர் க்ளோத் லொரானின் பெயரால் அதை அழைத்தார்கள். ஏரியையும் மலையையும் பார்க்க விரும்புகிறவன் முதலில் அவற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பிறகு கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தால், தன் தோளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் சுருங்கி, நிறங்கள் மங்கி, சட்டமிட்ட ஓவியம்போல உள்ளே தெரியும். இயற்கையைக் காணப் போனவர்கள் அதன் பக்கம் திரும்பவே வேண்டியிருக்கவில்லை. இது கேலிக்காகச் சொல்வதல்ல. ஒரு நிலப்பரப்பு எப்படிப் 'பார்க்கத்தக்கது' ஆகிறது என்ற கேள்விக்கு இவ்வளவு வெளிப்படையான சாட்சியம் வேறெங்கும் அகப்படுவது கடினம்.

கம்பர்லாந்து, வெஸ்ட்மார்லாந்து, லங்காஷயரின் வடகோடி என்று மூன்று கவுண்டிகளில் பரந்து கிடக்கும் இந்த ஏரிப் பிரதேசம் அதுவரை ஆடு மேய்ப்பவர்களும், பலகைக்கல் வெட்டுபவர்களும், பாரோடேலில் பென்சிலுக்கான காரீயம் தோண்டுபவர்களும் வாழ்ந்த இடம். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அது வறண்ட, அச்சமூட்டும் மலங்காடு. கிரேகூட பாரோடேல் பள்ளத்தாக்கில் கிரேஞ்ச் என்ற சிற்றூரோடு நின்றுகொண்டார். மேலே தொங்கும் பாறைகள் தலையில் விழுந்துவிடும் என்ற பயம் அவர் குறிப்புகளில் இருக்கிறது.

1778இல் தாமஸ் வெஸ்ட் என்ற ஏசுசபைப் பாதிரியார் இந்தப் பிரதேசத்துக்கு வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார். எங்கே போகலாம் என்பதோடு அவர் நிற்கவில்லை. எந்த ஏரியை எந்த மேட்டில் எந்தத் திசை பார்த்து நின்று ரசிக்க வேண்டும் என்று இடம் குறித்துக் கொடுத்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்டேஷன்'. சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளுக்கும் இதே சொல்தான் என்பது அந்தப் பாதிரியாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? 1780இன் இரண்டாம் பதிப்பில் கிரேயின் குறிப்புகளும் பின்னிணைப்பாகச் சேர்ந்துகொண்டன. கவியின் தனி அனுபவம் பத்தே வருஷத்தில் பயணிகளின் நித்திய கர்மமாகிவிட்டது.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கிழக்கிந்திய கம்பெனிக் கப்பல்களில் வேலை பார்த்துத் திரும்பிய பீட்டர் க்ராஸ்த்வெய்ட், கெஸ்விக்கில் ஒரு மியூசியம் திறந்து, வெஸ்டின் ஸ்டேஷன்களைக் குறித்த ஏரி வரைபடங்கள் போட்டு விற்றார். டெர்வெண்ட்வாட்டரில் பயணிகளுக்காகப் பீரங்கி வெடித்தார்கள், மலைகளில் எதிரொலி கேட்பதற்காக. பெரிய வேட்டுக்கு ஒரு கட்டணம், சின்ன வேட்டுக்கு ஒரு கட்டணம். கவி ராபர்ட் ஸதி, ஒரு ஸ்பானியப் பயணியின் வேஷத்தில் 1807இல் எழுதிய நூலில் இந்த எதிரொலி வியாபாரத்தைக் கிண்டல் செய்திருக்கிறார். விண்டர்மியரின் மேற்குக் கரையில், வெஸ்ட் சொன்ன இடத்திலேயே, 1790களில் ஒரு கட்டிடம் எழுந்தது. ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடிகள். மஞ்சள் வழியே பார்த்தால் கோடை, வெளிர்நீலத்தில் பனிக்காலம், அடர்நீலத்தில் நிலா இரவு. ஒரே பிற்பகலில் ஒரு வருஷத்தையே பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்.

இந்தச் சட்டங்களுக்குள் மனிதர்களுக்கு என்ன இடம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1792இல் ஜோஸப் பட்வர்த் என்பவர் ஏரிகளைச் சுற்றி நடந்து, தன் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பட்டர்மியர் என்ற குக்கிராமத்தில் 'மீன் விடுதி' நடத்தியவரின் மகளைப் பற்றி அதில் எழுதினார். பதின்வயதுப் பெண், மேரி ராபின்ஸன். பட்வர்த் அவளுக்கு வேறு பெயர் வைத்து, அவள் கூந்தல், முகம், நடை எல்லாவற்றையும் மலையை வர்ணிப்பது போலவே வர்ணித்தார். பெயரை மாற்றி என்ன பயன்? விடுதி ஒன்றுதான், மகளும் ஒருத்திதான். பட்டர்மியர் போகிறவர்கள் ஏரி, அருவி, மேரி என்ற வரிசையில் பார்க்கத் தொடங்கினார்கள். சில வருஷம் கழித்துத் திரும்பிப்போன பட்வர்த், தன் எழுத்து அவளுக்குக் கெடுதல் செய்யுமோ என்று சங்கடப்பட்டு, அதையும் எழுதிப் பிரசுரித்தார்.

1802இல் அங்கே வந்த ஒருவன் தன்னை ஒரு பிரபுவின் தம்பி, பார்லிமெண்ட் உறுப்பினர் கர்னல் ஹோப் என்று சொல்லிக்கொண்டான். அக்டோபர் 2ஆம் தேதி மேரியை மணந்தான். உண்மையில் அவன் ஜான் ஹாட்ஃபீல்ட், ஏற்கனவே மணமானவன், பழைய மோசடிக்காரன். கெஸ்விக்கில் குடியிருந்த கோல்ரிட்ஜ்தான் இந்தச் செய்தியை லண்டன் 'மார்னிங் போஸ்ட்'டில் எழுதி நாடறியச் செய்தார். பார்லிமெண்ட் உறுப்பினராக நடித்து, தபால் கட்டணம் கொடுக்காமல் கடித உறைகளில் பொய்க் கையெழுத்துப் போட்டதற்காக ஹாட்ஃபீல்டை 1803 செப்டம்பரில் கார்லைலில் தூக்கிலிட்டார்கள். மேரியை ஏமாற்றியதற்கல்ல, தபால் இலாகாவை ஏமாற்றியதற்கு! தூக்குக்குச் சில வாரம் முன்பு, ஸ்காட்லாந்து போகும் வழியில் கோல்ரிட்ஜ் சிறைக்குச் சென்று அவனைப் பார்த்தார். வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டாரதியும் கூட இருந்தார்கள். லண்டன் மேடைகளில் மேரியின் கதை நாடகமாயிற்று. அவளோ பிறகு ஒரு விவசாயியை மணந்து, கால்ட்பெக் ஊரில் குடும்பம் நடத்தி, 1837இல் இறந்துபோனாள். ஒரு நடைப்பயணி நல்லெண்ணத்தோடு எழுதிய சில பக்கங்களிலிருந்து இவ்வளவும்.

வேர்ட்ஸ்வொர்த்துக்கு வருவோம். அவருடைய வழிகாட்டி நூல் 1810இல் வேறொருவரின் படத்தொகுப்புக்குப் பெயரில்லாத முன்னுரையாகத் தொடங்கி, 1835இல் ஐந்தாம் பதிப்பு கண்டது. அது தவிர வேறு ஏதாவது எழுதியதுண்டா என்று ஒரு பாதிரியார் அவரிடமே கேட்டாராம். மாத்யூ ஆர்னால்ட் சொல்லும் கதை. ஆனால் அந்த நூலை ஒதுக்கிவிட முடியாது. முந்தியவர்கள் ஓவியத்தைக் கண்ட இடத்தில் இவர் உழைப்பைக் கண்டார். வீடுகள் உள்ளூர்க் கல்லில் பாறையிலிருந்தே முளைத்தவை போல எழுந்த விதம், சொந்த நிலத்தைத் தானே உழும் சிறு குடியானவர்கள், வந்தேறிப் பணக்காரர்கள் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பும் வரிசை வரிசையாய் நட்ட லார்ச் மரங்களும் செய்த நாசம் எல்லாம் அதில் இருக்கின்றன. இந்தப் பிரதேசத்தை நாட்டின் பொதுச் சொத்து மாதிரி கருத வேண்டும் என்ற எண்ணத்தையும் அவர்தான் முன்வைத்தார்.

அதே மனிதர், 1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியர் நோக்கி ரயில் வரப்போகிறது என்றதும், எதிர்த்து 'மார்னிங் போஸ்ட்'டுக்குக் கடிதங்கள் எழுதினார். லங்காஷயர் ஆலைத் தொழிலாளிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து கொட்டுவதால் அவர்களுக்குப் பயனில்லை, இத்தகைய ரசனை மெல்ல மெல்லப் பழகி வருவது என்பது வாதம். இந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். சிறுபத்திரிகை நடத்துகிற நாமே இதை வேறு வார்த்தைகளில் அடிக்கடி சொல்லிக்கொள்கிறவர்கள்தாம். ஆனால் அது யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். விண்டர்மியர் கரையின் ஸ்டார்ஸ் மாளிகையை 1806இல் வாங்கிய ஜான் போல்டன், லிவர்பூலில் அடிமை வியாபாரத்தில் பொருள் சேர்த்தவர். 1825இல் அங்கே நடந்த படகு விழாவில் ஸ்காட், அமைச்சர் கானிங் ஆகியோரோடு வேர்ட்ஸ்வொர்த்தும் விருந்தாளி. அவருடைய சொந்தத் தம்பி ஜான், கிழக்கிந்திய கம்பெனிக் கப்பலின் கேப்டன். வங்காளம், சீனா வியாபாரத்தில் சம்பாதித்து க்ராஸ்மியரில் அண்ணனோடு அமைதியாக வாழலாம் என்ற கனவோடு, குடும்பப் பணத்தையும் போட்டுக் கிளம்பியவன், 1805 பிப்ரவரியில் கப்பலோடு மூழ்கினான். அந்த மரணம் வேர்ட்ஸ்வொர்த்தை உலுக்கிவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏரிக்கரையின் அமைதிக்கும் வெளியிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது. அடிமைக் கப்பலின் பணம் வெள்ளைத் தூண்களோடு கரையில் குடியேறலாம், பருத்தி ஆலைக்காரன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வரக்கூடாது என்றால்?

1847இல் ரயில் வந்தது. ஆனால் பெர்த்வெய்ட் என்ற குடியிருப்போடு நின்றுவிட்டது. அதைச் சுற்றி எழுந்த ஊருக்கு ஏரியின் பெயரே வந்துவிட்டது. ஆம்பிள்சைடுக்கு இன்றுவரை ரயில் இல்லை. கவி ஒருவகையில் ஜெயித்தார் என்றே சொல்ல வேண்டும்.

பதில் வேறு விதமாக வந்தது. கெஸ்விக்குக்கு மேலே லாட்ரிக் என்ற குன்றின் பாதையை நில உரிமையாளர்கள் அடைத்தபோது, 1887 அக்டோபர் 1ஆம் தேதி சுமார் 2000 பேர் தடைகளைத் தாண்டி உச்சிக்கு நடந்தார்கள். முன்நின்றவர்களில் ஹென்றி இர்வின் ஜென்கின்ஸன் ஒருவர். அவரும் ஒரு வழிகாட்டி நூலாசிரியர்! எங்கே நிற்க வேண்டும் என்று சொன்ன மரபிலிருந்து, நடக்க உரிமை உண்டு என்று சொன்ன ஒருவர். வழக்கு கார்லைல் நீதிமன்றம் வரை போய், 1888இல் லாட்ரிக் பாதை மக்களுக்குக் கிடைத்தது. 1895இல் நேஷனல் டிரஸ்ட் பிறந்தது. அதை நிறுவிய மூவரில் ஒருவரான ரான்ஸ்லி கெஸ்விக் பக்கத்துப் பாதிரியார். 1951இல் தேசியப் பூங்கா, 2017இல் யுனெஸ்கோ பட்டியல். இவையெல்லாம் ஆவணங்களில் கிடைக்கும்.

ஆவணங்களில் அடங்காதது டாரதியின் நாட்குறிப்பு. 1802 ஏப்ரல் 15, பலத்த காற்று நாள். அல்ஸ்வாட்டர் கரையில் கௌபாரோ அருகே அண்ணனும் தங்கையும் டாஃபடில் மலர்களைப் பார்த்தார்கள். டாரதி எழுதி வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து அண்ணன் கவிதை எழுதினார், தனியாகப் போனதாக. அதன் இரண்டு வரிகள் மனைவி மேரி தந்தவை என்று அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். நம் பள்ளிக்கூடங்களில் அந்த மலரைக் கண்ணால் காணாமலே ஒப்பித்த தலைமுறைகளுக்கு அந்தத் தங்கையும் தெரியாது. டாரதியின் பக்கங்களில் பூக்களுக்குப் பக்கத்திலேயே பிச்சைக்காரிகளும், பட்டாளத்திலிருந்து விலக்கப்பட்ட சிப்பாய்களும், ரொட்டி சுட்ட கணக்கும், தலைவலியும் வருகின்றன. அவள் எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை. உயிரோடு இருந்தவரை அதைப் பிரசுரிக்கவும் இல்லை.

கிரே பயந்து திரும்பிய கிரேஞ்ச் சிற்றூருக்கு எதிரே, ஆற்றுக்கு அக்கரையில் இன்று பஸ் ஓடுகிறது. அது அவர் போகாத பள்ளத்தாக்கில் மேலும் சில மைல் உள்ளே சென்று, ஸீடோலர் என்ற இடத்தில் ஆட்களை இறக்கிவிடுகிறது.