கல்லுக் குவியலுக்கு எதற்குச் சட்டம்?

பாகாயத்தில் டீ குடித்துக்கொண்டே பேசும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "கோயிலுக்கு வேலி போடுறாங்க, சரி. வெறும் கல்லுக் குவியலுக்கு எதுக்குப்பா போர்டும் சட்டமும்?"

நியாயமான கேள்விதான். கற்குவை என்பது இரும்புக் கால மக்கள் ஈமக்குழியின் மேல் கற்களைக் குவித்த இடம். சுற்றிலும் பெரிய கற்களை வட்டமாக வைத்திருந்தால் கல்வட்டம். உள்ளே பலகைக் கற்களால் பெட்டி மாதிரி கட்டியிருந்தால் கற்பதுக்கை. 'பதுக்கை' என்ற சொல் அகநானூற்றிலேயே வருகிறது. ஊர்ப்பக்கம் பாண்டவர் வீடு, வாலியர் வீடு என்பார்கள்.

புதையல் இருக்கும்னு நினைத்துத் தோண்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது கருப்பு-சிவப்புப் பானை ஓடு, துருப்பிடித்த இரும்பு, கொஞ்சம் எலும்புத் துண்டு. முழு எலும்புக்கூடுகூட அபூர்வம். பல இடங்களில் எலும்புகளை மட்டும் பொறுக்கி வந்துதான் புதைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் மதிப்பு எதில்? எது எதன் மேல், எதன் பக்கத்தில் இருந்தது என்பதில். பழைய வேலூர் மாவட்டத்தில் இருந்து, இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964-65லும் 1967-68லும் அகழாய்வு செய்தது. புதிய கற்கால மக்களுக்குப் பின் இரும்புக் கால மக்கள் அங்கே வாழ்ந்தது தெரிந்தது மண்ணடுக்கை வைத்துத்தான். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழக அரசு அறிவித்ததே, அந்தக் கணிப்புக்கும் கலையாத மண்ணடுக்குதான் ஆதாரம். கல்லைப் புரட்டிப்போட்டால் பானை மிஞ்சலாம், காலம் மிஞ்சாது.

அந்தக் கால மக்கள் பெரும்பாலும் உழவுக்கு உதவாத மேட்டுநிலத்தில், மலையடிவாரத்தில்தான் புதைத்தார்கள். ஏர் படாததால் இத்தனை நாள் தப்பியது. இப்போது ஜல்லிக்கும் வீட்டுமனைக்கும் தேடுவது அதே நிலத்தைத்தான்.

1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஆனால் இது பட்டியலில் ஏறிய இடத்துக்கு மட்டும்தான். ஏறாதவைதான் அதிகம்.

நண்பரிடம் ஒன்றுதான் சொன்னேன். மனை பார்க்கப் போகும் இடத்தில் வட்டமாகக் கற்கள் தெரிந்தால், ஜேசிபி வருவதற்குள் ஒரு போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் அதேதான்.