கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு கவாத்து

என் எழுதுமேசையின் மேல் மூடி போட்ட கண்ணாடிக் குடுவை ஒன்று இருக்கிறது. பிரான்சில், லியோன் நகரத்தில் படிக்கும் என் பேத்தி இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்குப் புதுவை வந்தபோது செய்து வைத்துவிட்டுப் போனது. உள்ளே இரண்டு கைப்பிடி மண், நாலு கூழாங்கல், செலாஜினெல்லா என்ற சிறு செடி. பார்வைக்குப் பாசி போலிருக்கும், பாசி அல்ல. பூக்காது, காய்க்காது. பச்சைக் கம்பளம் போலப் படர்வது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை.

“அடிக்கடி கவாத்து பண்ணணும் தாத்தா, விட்டா குடுவையை அடைச்சிடும்” என்று சொல்லித்தான் போனாள். நான் செய்யவில்லை. 35 ஆண்டு அரசு அலுவலகத்தில் ஒரு துண்டுத் தாளைக்கூடக் கிழித்துப் போடாத கை இது. அதுவும் பேத்தி நட்டது. அவளோ அடுத்து எப்போது வருவாளோ தெரியாது. இப்படியே ஒன்றரை ஆண்டு ஓடியது. மேலே மூடியை முட்டிக்கொண்டு பச்சை. கீழே வெளிச்சம் போகாமல் தண்டெல்லாம் மஞ்சளாகி மொட்டையாக நின்றது. ஒரு மூலையில் வெள்ளைப் பூஞ்சை. இனிமேல் வெட்டாவிட்டால் செடியே இல்லை என்ற நிலை.

கவாத்து என்ற சொல்லே எனக்கு வேலைக்குப் போன பிறகு ஒரு கோப்பில்தான் அறிமுகமானது. பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அது ‘தாய்’. ஆமாம், மரக்கிளை வெட்டுவதற்குப் பிரெஞ்சில் சொல்லும் சொல்லை உச்சரித்தால் நம் ‘தாய்’ போலவே காதில் விழும். வகுப்பில் நாங்கள் சிரித்து, வாத்தியாரிடம் வாங்கியும் கட்டிக்கொண்டோம்.

எதையும் தொடுவதற்கு முன் அதைப் பற்றிப் படித்துவிடுவது என் பழக்கம். இந்தக் குடுவை வித்தை எங்கே தொடங்கியது என்று தேடினால், அது லண்டனில் ஒரு டாக்டர் வீட்டு ஜன்னலில் போய் நிற்கிறது.

நத்தானியேல் வார்டு என்று பெயர். கிழக்கு லண்டனில், வெல்குளோஸ் சதுக்கத்தில் வைத்தியம் பார்த்தவர். பெரணிச் செடிமேல் அப்படி ஒரு ஆசை. கொல்லையில் கல் அடுக்கிப் பெரணி வைத்துப் பார்த்தார். சுற்றிலும் இருந்த தொழிற்சாலைகளின் நிலக்கரிப் புகையில் எல்லாம் செத்தன. 1829-ல் ஓர் அந்துப்பூச்சி எப்படி வெளிவருகிறது என்று பார்ப்பதற்காக, அதன் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு அகன்ற வாய் பாட்டில் ஒன்றில் வைத்து மூடினார். தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் கண்ணில் வேறொன்று பட்டது. பகலில் மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து, திரும்ப மண்ணுக்கே இறங்கியது. சில நாளில் அந்த மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. வெளியே எவ்வளவு பாடுபட்டும் வராத செடி! பாட்டிலை ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் ஏறக்குறைய 4 ஆண்டு உயிரோடிருந்தன. கடைசியில் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே இறங்கித்தான் அவை அழிந்தன.

1833-ல் இரண்டு பெட்டிகளில் செடிகளை அடைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகள் ஆஸ்திரேலியச் செடிகளோடு திரும்பி வந்தன. அதற்கு முன்பெல்லாம் உப்புக் காற்றில் செடி கப்பலேறினால் பிழைப்பது அபூர்வம். பிறகு சீனத் தேயிலைக் கன்று இமயமலைச் சாரலுக்கு வந்ததும், கொய்னாவுக்கான சின்கோனா 1860-களின் தொடக்கத்தில் நம் உதகைக்கு வந்ததும் ‘வார்டியன் பெட்டி’ என்ற இந்தக் கண்ணாடிப் பெட்டிகளில்தான். ஒரு பூச்சியைப் பார்க்க வைத்த பாட்டில்!

1845-ல் பிரிட்டனில் கண்ணாடி வரி நீங்கியது. கண்ணாடி மலிந்ததும் வசதியான வீட்டுக் கூடங்களிலெல்லாம் பெட்டிகள் வந்தன. உள்ளே பெரணி, பெரணிக்கு அடியில் தரை மூட செலாஜினெல்லா.

எனக்கு இதில் வியப்பு வேறு. செலாஜினெல்லாவின் மூதாதைக் குடும்பம் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலங்களில் 100 அடி மரங்களாக நின்றது. அவை மண்ணுக்குள் புதைந்துதான் இங்கிலாந்தின் நிலக்கரியில் பெரும்பங்கு உண்டானது. (நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அது அல்ல, அது மிகவும் பிற்காலத்து மரங்கள்.) ஆக, வார்டு டாக்டரின் பெரணியைக் கொன்றது பாட்டன் மரங்களின் புகை, அந்தப் புகைக்குப் பயந்து கண்ணாடிக்குள் ஒளிந்துகொண்டது பேரன் செடி.

இதே வகையின் இன்னொரு செடியை எங்களுக்குப் பள்ளியிலேயே தெரியும். லிகோபோட் பொடி. தண்ணீர்மேல் தூவி விரலை விட்டால் விரல் நனையாமல் வரும். ஒரு வகுப்பு முழுக்க வரிசையில் நின்று விரலை விட்டோம். அந்தப் பொடி நெருப்புப் பட்டால் குபீரென்று எரியும். 1807-ல் நியெப்ஸ் சகோதரர்கள் அதையே எரித்து ஓர் இயந்திரம் செய்து, சோன் ஆற்றில் படகு ஓட்டினார்கள். அண்ணன் தம்பியில் ஒருவர்தான் பின்னாளில் புகைப்படம் கண்டுபிடித்தவர். அந்தச் சோன் ஆறு லியோன் வழியாகத்தான் ஓடுகிறது. தொலைபேசியில் சொன்னேன். “நிஜமாவா தாத்தா? தினமும் அந்தப் பாலத்துலதான் போறேன்” என்றாள். பிறகு, “செடி எப்படி இருக்கு?” என்றாள். உண்மையைச் சொன்னேன்.

“வெட்டுங்க தாத்தா. அது வெட்டினாத்தான் வளரும்.”

கத்தரிக்கோலைச் சூடான நீரில் கழுவித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தச் செடி வளர்வது நுனியில்; ஒவ்வொரு தண்டும் இரண்டு இரண்டாகக் கவை பிரிந்துகொண்டே போகும். புல்வெளிபோல மேலாக மழித்துவிட்டால் அசிங்கமாகிவிடும். நீண்ட தண்டை ஒரு கவைக்குச் சற்று மேலே, ஒவ்வொன்றாக வெட்டவேண்டும். மஞ்சளும் மொட்டையும் அடியோடு போகட்டும். பச்சையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஒரே நாளில் எடுக்காமலிருப்பது நல்லது. வெட்டியதை உள்ளே விட்டுவைத்தால் மறுபடியும் பூஞ்சைதான். நம் ஊரில் கத்திரி வெயிலில் இதைச் செய்யாதீர்கள். மழை பிடித்த பிறகு செய்யுங்கள். தண்ணீரும் பிடித்துவைத்த மழைநீராக இருக்கட்டும், நம் கடலோரத்துக் கிணற்று உப்பு அதற்கு ஆகாது.

கவையிலிருந்து வேர் இறங்கும் குணம் இதற்கு உண்டு. நல்ல துண்டுகளில் மூன்றை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈரமண்ணில் படுக்க வைத்து, லேசாக அழுத்தி, மூடினேன். ஐந்தாம் வாரம் மூன்றில் இரண்டு வேர் பிடித்திருந்தன. பெரிய குடுவையில் அடித்தண்டுகளிலும் பச்சை முளை தெரிகிறது. பாட்டில் பேத்தி தூங்கும் அறை ஜன்னலில், நிழல் பக்கம் இருக்கிறது. மூடி பிளாஸ்டிக், துருப்பிடிக்காது.