பெயரில் ஒரு சர்க்கரை, வினையில் மூன்று

மொழியியல் பயின்ற எனக்கு, ஒரு பெயரும் அது சுட்டும் பொருளும் பொருந்தாத இடங்கள் தனி ஈடுபாடு தருவன. 'குளுக்கோகைனேஸ்' அத்தகையதொரு பெயர்.

1960களின் தொடக்கத்தில் எலியின் கல்லீரலில் இந்நொதி இனங்காணப்பட்டது. ஏனைய ஹெக்சோகைனேஸ்கள் மிகக் குறைந்த குளுக்கோஸ் செறிவிலேயே நிறைவுறும். இதற்கோ லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல் இருந்தால்தான் பாதி வேகமே கைகூடும். இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் எல்லையும் அதை ஒட்டியதே. 1968இல் மட்ச்சின்ஸ்கியும் எல்லர்மனும் கணையத் திட்டுகளிலும் இதைக் கண்டனர். பீட்டா செல் சர்க்கரையை 'அறிவது' இந்நொதியால்தான் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது.

சான்றுகளைப் பிற சர்க்கரைகள் தந்தன. மனோஸுக்கும் இந்நொதி பாஸ்பேட் ஏற்றுகிறது; மனோஸும் இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. ஃபிரக்டோஸை ஏற்க மிகப் பெருஞ்செறிவு தேவை. அது தனித்து இன்சுலினைத் தூண்டுவதில்லை. பெங்களூருவில் நாம் 'பட்டர் ஃப்ரூட்' என்றழைக்கும் பழத்திலுள்ள மானோஹெப்டுலோஸ், ஆய்வகத்தில் இந்நொதியையும் தடுக்கிறது, குளுக்கோஸ் தூண்டும் இன்சுலின் சுரப்பையும் தடுக்கிறது.

1984இல் சிலி நாட்டு ஆய்வாளர்கள், போதிய செறிவில் ஃபிரக்டோஸும் இதற்கு நல்ல வினைப்பொருளே என நிறுவினர். எனவே குளுக்கோஸுக்கே உரியது என்னும் பொருள்படும் பெயர் பிழையெனச் சிலர் வாதிட்டு, 'ஹெக்சோகைனேஸ் டி' என்றனர். நொதி வகைப்பாட்டிலும் 2.7.1.2 என்னும் எண் குளுக்கோஸை மட்டுமே விரும்பும் நுண்ணுயிர் நொதிகளுக்கு உரியது. நம் உடலின் நொதிக்கு உரியது 2.7.1.1. ஆயினும் வழக்கே வென்றது.

இன்னொரு பெயர்ப்பிழையோ மனிதரைத் தொடுகிறது. இளம்பருவத்தில் தோன்றி மரபுவழி வரும் எம்.ஓ.டி.ஒய். நீரிழிவு இந்தியரிடையே மிகுதி என 1985இல் சென்னையிலிருந்து மோகன், இராமச்சந்திரன், விசுவநாதன் முதலியோர் எழுதினர். அவர்களின் சான்று குடும்ப வரலாறே. மரபணுவைப் படிக்கும் வசதி அன்றில்லை. 1992இல் குளுக்கோகைனேஸ் மரபணுப் பிழை அதன் ஒரு வகைக்குக் காரணமெனப் பிரெஞ்சுக் குடும்பங்களில் தெரிந்தது. 2014இல் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையினர் அத்தகைய பிழைகளை இந்தியரிடமும் கண்டறிந்தனர். 2018இல் வெளிவந்த தென்னிந்திய ஆய்வில் பெங்களூருவின் மெட்ஜீனோமும் பங்கேற்றது.

இப்பிழையுடன் பிறந்தோர்க்கு வெறும்வயிற்றுச் சர்க்கரை வாழ்நாள் முழுதும் சற்றே உயர்ந்திருக்கும். கருவுற்ற காலம் தவிர, பொதுவாக மருந்து தேவைப்படாது. 'இரண்டாம் வகை' எனப் பெயரிடப்பட்டாலோ, ஆண்டுக்கணக்கில் தேவையற்ற மாத்திரைதான். நொதியின் பெயர் பிழைத்தால் வகைப்பாடுதான் குழம்பும். நோயின் பெயர் பிழைத்தால் அதைச் சுமப்பவர் நோயாளி.