ஆன் பிராங்க் நாட்குறிப்பில் காதற்பகுதிகள்: ஒரு மூலபாட நோக்கு

முன்னுரை

இரண்டாம் உலகப்போரின்போது செருமானியர் கைப்பற்றியிருந்த ஆம்ஸ்டர்டாம் நகரில், பிரின்சன்கிராக்ட் 263 எனும் வணிகக் கட்டடத்தின் பின்பகுதியில் யூதர் எண்மர் மறைந்து வாழ்ந்தனர். 1942 சூலை 6 முதல் 1944 ஆகஸ்டு 4 வரை நீடித்த அவ்வாழ்வை ஆன் பிராங்கின் நாட்குறிப்பு காட்டுகிறது. ஆன், அவர்தம் தமக்கை மார்கோட், உடன் மறைந்திருந்த வான் பெல்ஸ் குடும்பத்து மகன் பீட்டர் ஆகிய மூவரின் உறவை முக்கோணக் காதலாகப் படித்துவிடுதல் எளிது. ஆயின், அப்பகுதிகள் நூலுள் இடம்பெற்ற முறையை அறியாமல் அவற்றிற்குப் பொருள் காண்டல் இயலாது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மூவர் உறவு

1944 மார்ச்சில் மார்கோட்டுக்கு 18, பீட்டருக்கு 17, ஆனுக்கு 14 வயது. தமக்கைக்கும் பீட்டர்மீது விருப்பமுண்டோ என்னும் ஐயம் ஆனை வருத்தியது. ஒரே மறைவிடத்தில் வாழ்ந்தும் சகோதரியர் இதனைக் கடிதம் வாயிலாகவும் பேசிக்கொண்டனர். தமக்குப் பொறாமை இல்லை என்றும், மனந்திறந்து பேசத் தமக்கென ஒருவர் வாய்க்கவில்லையே என்பதே வருத்தம் என்றும் மார்கோட் எழுதியதை மார்ச் 20ஆம் நாள் குறிப்பு தெரிவிக்கிறது. எனவே இங்குப் போட்டியினும் தனிமையே மேலோங்கி நிற்கிறது.

அகத்திணை மரபில் காதலுக்கு நிலமும் பொழுதும் முதற்பொருளாகும். தேவிகுளம் மலைகளில் இன்றும் பூக்கும் குறிஞ்சி, புணர்தலுக்குரிய நிலத்திற்கே பெயராயிற்று. மறைந்து வாழ்ந்த இவ்விளையோருக்கோ பரண் சாளரத்தின் வழியே தெரிந்த வானமும் ஒரு செஸ்ட்நட் மரமுமே நிலம்.

மூன்று படிகள்

1944 மார்ச் 28 அன்று, நாடுகடந்திருந்த டச்சு அரசின் அமைச்சர் போல்கெஸ்டைன், போர்க்கால நாட்குறிப்புகளைத் திரட்ட வேண்டுமென இலண்டன் வானொலியில் கூறினார். இதனைக் கேட்ட ஆன், மே 20 முதல் தம் குறிப்புகளை நூலாக வெளியிடும் நோக்குடன் திருத்தி எழுதினார். பிறருக்குப் புனைபெயர்களும் வகுத்தார். திருத்தப்படியில், பீட்டர்மீது தாம் கொண்ட காதலைப் பற்றிய பகுதிகளுள் பெரும்பாலானவற்றை அவர் தவிர்த்தார். அதற்குள் பீட்டர் பற்றிய ஏமாற்றமும் அவருள் வளர்ந்திருந்தது.

இங்கு ஒரு வேறுபாடு கருதத்தக்கது. திருத்தப்படி 1944 மார்ச் 29ஆம் நாள் குறிப்புடன் நின்றுவிடுகிறது. முதல் முத்தத்தைக் கூறும் ஏப்ரல் 16ஆம் நாள் குறிப்பு முதற்படியில் மட்டும் உள்ளது. இதனை நீக்கம் எனக் கொள்ளுதல் பொருந்தாது; கைது நேர்ந்தமையால் திருத்தம் அதுவரை எட்டவில்லை. மார்ச் 29 வரையிலான பகுதிகளில் விடுபட்டவையே ஆசிரியரின் விருப்பத்தைச் சுட்டுவன.

சகோதரியர் இருவரும் 1945 தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தனர். பீட்டர் அவ்வாண்டு மே மாதம் மௌத்தௌசன் முகாமில் இறந்தார். எண்மருள் உயிர் பிழைத்தவர் தந்தை ஓட்டோ பிராங்க் ஒருவரே. மீப் ஹீஸ் காத்துவைத்திருந்த தாள்களைப் பெற்ற அவர், இரு படிகளையும் இணைத்து மூன்றாம் படியை உருவாக்கினார். மகள் விலக்கிய காதற்பகுதிகள் பலவற்றை அதனுள் மீண்டும் சேர்த்தார். 1947இல் வெளிவந்தது அதுவே. மூன்று படிகளையும் ஒப்பிட்டுக் காணும் வாய்ப்பை 1986ஆம் ஆண்டின் ஆய்வுப்பதிப்பு வழங்கியது.

முடிவுரை

உலகம் படித்த காதல், மகள் எழுதி, அவரே விலக்கி, தந்தை மீட்டுத் தந்த ஒன்றாகும். தந்தையின் செயலைப் பிழை எனல் எளிதன்று. அவரிடம் எஞ்சியிருந்தவை அத்தாள்களே. எனினும், எழுத்தாளராக விரும்பிய 15 வயதுப் பெண்ணின் இறுதித் தேர்வு திருத்தப்படியிலேயே உள்ளது. பாடவேறுபாடுகளை எடைபோட்டுப் பழகிய தமிழாய்வாளர், இந்நாட்குறிப்பை ஒரே குரலாகக் கொள்ளாது படிதோறும் பிரித்து நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்குங்கால், காதல்வயப்பட்ட சிறுமியோடு, தம் எழுத்தைத் தாமே செப்பமுறத் திருத்திய ஓர் ஆசிரியரும் நமக்குப் புலப்படுவார்.