கூப்பன் அரிசி தீர்மானித்த நாடு

இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், எங்கள் காம்பிரா அறையின் தகரப் பெட்டிக்குள் இந்தியக் கடவுச்சீட்டு வெகுநாள் கிடந்தது. 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களான எங்களை, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு வைத்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இரண்டு அரசுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தாலும் கிளம்ப மனமில்லை. அம்மாவுக்கோ அக்காவை டீச்சராக்கும் ஆசை. தோட்டப் பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு சரி. அட்டனுக்கு அனுப்பிப் படிக்கவைக்கக் காசு சேர்த்தார்.

1973-இல் உலகச் சந்தையில் விலை ஏறியதும் இலங்கை அரசு கூப்பனுக்குத் தரும் பங்கீட்டு அரிசியைக் குறைத்தது. மாவுக்கும் சீனிக்கும் தட்டுப்பாடு. கிராமத்தாருக்குக் கொஞ்சம் வயலோ பலா மரமோ இருந்தது. எங்களுக்குக் கூப்பனும் சம்பளமும்தான். காலையில் பேரட்டுக்களத்தில் போய் நின்றாலும் எல்லா நாளும் பேர் விழாது, அதாவது அன்றைய வேலை கிடைக்காது. அம்மா ஒரு ரொட்டியை நாலாகப் பிய்ப்பார். கருகிய ஓரம் அவருக்கு. கைக்குழந்தைக்காரிகளுக்குப் பால் வற்றியது. 1974-இல் தோட்டங்களில் சாவு எவ்வளவு கூடியது என்பது அரசாங்கப் பதிவுகளிலேயே இருக்கிறது.

அக்காவின் படிப்புக் காசு மாவு வாங்கவே போனது. அவளைக் கொழுந்தெடுக்க அனுப்பியபோது அம்மா சொன்னது இதுதான்: "படிப்பு கெடக்கட்டும் புள்ள, மொதல்ல பேரு விழட்டும்."

அதற்குப் பிறகுதான் அப்பா பெட்டியைத் திறந்தார். பூர்வீக மண் கூப்பிட்டது என்று மேடையில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. இந்தியாவில் ரேஷனில் அரிசி கிடைக்கும் என்றுதான் எங்கள் லயத்தில் பேசிக்கொண்டார்கள். அதே பசிக்கு இலங்கையின் வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் கூலிக்குப் போனவர்களும் உண்டு. சித்தப்பா அப்படிப் போனவர்தான்.

தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் பந்தலூர். தாயகம் திரும்பியோருக்கென்றே தமிழ்நாடு அரசு வைத்த டேன்டீ தோட்டத்தில் மறுபடியும் தேயிலை, மறுபடியும் லைன் வீடு. மூன்று வேளையும் சோறு கிடைத்தது. ஆனால் அம்மாவின் பழைய ஆசை திரும்பவே இல்லை. நான் பத்தாவது பாஸானதும் டீச்சர் ட்ரெயினிங் பேச்சை எடுத்தேன். அவர் சூப்பர்வைசரிடம் போய் எனக்கு நிரந்தர வேலை கேட்டு நின்றார். அக்காதான் தன் கொழுந்துக் காசில் என்னைப் படிக்கவைத்தாள். அதற்காக அம்மா அவளோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.