கார்பன் மோனாக்சைடு நச்சு: வீட்டுப் பாதுகாப்பு

கரி, விறகு, சமையல் எரிவாயு, பெட்ரோல், டீசல் போன்றவை போதிய காற்றின்றி அரைகுறையாக எரியும்போது உண்டாகும் நச்சு வாயு கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமோ மணமோ கிடையாது. கண்ணைக் கரிக்காது, இருமலும் வராது. எரிவாயு கசிந்தால் நாற்றம் வருவது அதில் மெர்காப்டன் கலந்திருப்பதால்தான். அதே வாயு எரிந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடை மூக்கால் கண்டுபிடிக்க முடியாது.

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. அதனால் காற்றில் சிறிதளவு இருந்தாலும் நேரம் ஆக ஆக உடலில் சேர்ந்துகொண்டே போகும். ஆக்சிஜன் கிடைக்காமல் மூளையும் இதயமும் முதலில் தவிக்கும். 19ஆம் நூற்றாண்டில் இந்த நச்சு செயல்படும் விதத்தை ஆராய்ந்தவர்களில் பிரெஞ்சு உடலியலாளர் கிளோத் பெர்னார் முக்கியமானவர்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் அறைக்குள் கரி மூட்டுவதும், வட இந்தியக் குளிர்காலத்தில் அங்கீட்டி எனப்படும் கரி அடுப்பை வைத்துக்கொண்டு உறங்குவதும் உயிரைப் பறித்திருக்கின்றன. புகையும் விறகை யாரும் படுக்கையறைக்குக் கொண்டுவருவதில்லை. புகை அடங்கிய கனலைத்தான் இனிப் பயமில்லை என்று உள்ளே எடுத்து வருகிறார்கள். புகை நின்றால் கரியிலிருந்த ஈரமும் தாரும் தீர்ந்துவிட்டன என்று மட்டுமே பொருள். கனலின் மேல் ஓடும் சிறு நீலச்சுடர், கார்பன் மோனாக்சைடு எரிவதுதான். சாம்பல் பூத்துச் சூடு தணிந்தபின் அது எரியாமலே அறையில் பரவும். குழந்தைக்குச் சாம்பிராணி காட்டும் தணலுக்கும் இது பொருந்தும்: கதவு, சன்னலைத் திறந்து வைத்துக் காட்டி, உடனே தணலை வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

அடுத்த ஆபத்து குளியலறை கேஸ் கீசர். சிறிய அறை, சாத்திய கதவு, ஆவி. கீசர் எரிய எரிய ஆக்சிஜன் குறைந்து நச்சு வாயு பெருகும். கீசரைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் பொருத்தி, வெந்நீரைக் குழாய் வழியே கொண்டுவருவதே சரி. எக்ஸாஸ்ட் ஃபேன் துணைக்கு உதவும். அதை மட்டும் நம்பக்கூடாது. நீலமாக எரிந்த அடுப்பு மஞ்சளாக எரியத் தொடங்கினால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்கு வெளியே, சன்னல்களிலிருந்து 20 அடிக்கு அப்பால் வைக்க வேண்டும். பால்கனியும் படிக்கட்டும் அதற்கு இடமல்ல.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கைகால் தளர்ச்சி, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். பித்தம் என்றோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ விட்டுவிடுவது வழக்கம். ஆனால் காய்ச்சல் இல்லாமல் வீட்டிலுள்ள பலருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால் இந்த வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். உடனே எல்லோரும் வெளியேறி 108ஐ அழைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே ஏமாற்றும். ஆக்சிஜனையும் இவ்வாயுவையும் அதற்குப் பிரித்தறியத் தெரியாது. சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள நச்சு பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். கருவிலுள்ள சிசுவுக்குப் பாதிப்பு கூடுதல் என்பதால், கர்ப்பிணிகள் அறிகுறி லேசாக இருந்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கையறைக்கு அருகில் பொருத்துவது நல்லது. எரிவாயுக் கசிவு அலாரம் வேறு, இது வேறு. இதன் உணரி சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும் என்பதால் பெட்டியிலுள்ள காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும்.

தேறி வீடு திரும்பியவருக்கும் சில நாள்களோ வாரங்களோ கழித்து மறதி, நடையில் தள்ளாட்டம், சுபாவ மாற்றம் ஆகியவை தோன்றலாம். அப்போது மருத்துவரிடம் பழைய பாதிப்பையும் சொல்ல வேண்டும்.