புழுவின் நரம்பு

தூண்டில் கடைக்குப் போய் யாரும் 'நைலான் இழை' என்று கேட்பதில்லை. நரம்பு என்றுதான் கேட்போம். நிஜமாகவே உடலுக்குள்ளிருந்து உருவிய நரம்பில் மீன் பிடித்த காலம் ஒன்று இருந்தது.

ஸ்பெயினின் முர்சியாவில், கூடு கட்டத் தயாராக இருக்கும் பட்டுப்புழுவை வினிகரில் ஊறப்போடுவார்கள். பிறகு அதைப் பிய்த்து, உள்ளேயிருக்கும் இரண்டு பட்டுச் சுரப்பிகளையும் கையால் இழுத்து நீட்டிக் காயவைப்பார்கள். ஒரு இழை ஒரு முழம் தேறினால் அதிகம். பல இழைகளை முடிந்து, கொக்கிப் பக்கம் கட்ட வேண்டும். காய்ந்தால் மொறமொறவென்று உடையும், அதனால் மீன் பிடிக்கப் போகுமுன் தண்ணீரில் ஊறவைக்கணும். வெயில் பட்டால் வீண். பெரிய தொல்லைதான். ஆனால் ஆற்றில் அறுந்து விழுந்தால் மட்கிப்போகும். புழுக்கள் பட்ட பாட்டையும் மறக்க முடியவில்லை, அது வேறு கணக்கு.

1935இல் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸின் குழு நைலானை உருவாக்கியது. அது கடைக்கு வருவதற்குள், 1937இல், அவர் தற்கொலை செய்துகொண்டார். நைலான் நரம்பு வந்தபின் புழுவின் நரம்புக்குச் சந்தை இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பட்டையும் நைலானையும் கோர்த்திருப்பது ஒரே அமைடு பிணைப்புதான். பட்டு புரதம், அதை உடைக்கும் நொதிகள் நுண்ணுயிர்களிடம் ஏற்கெனவே உண்டு. நைலானின் இறுகிய சங்கிலியில் அவற்றுக்குப் பிடி கிடைப்பதில்லை. 1975இல் ஜப்பானியர்கள் 'நைலான் தின்னும்' பாக்டீரியாவைக் கண்டறிந்தார்கள். அது தின்றது ஆலைக் கழிவிலிருந்த குட்டித் துண்டுகளை. தூண்டில் நரம்பை அல்ல.

அடுத்து வந்த ஃப்ளோரோகார்பன் இன்னும் மோசம். நீர் உறிஞ்சாது, புற ஊதாக் கதிருக்கு அசையாது, தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. விளம்பரத்தில் இதெல்லாம் சிறப்பம்சங்கள். நீரில் முங்கும் பறவைக்கும் அது தெரியாதே!

நரம்பு மட்க 600 ஆண்டு ஆகும் என்று கடல் குப்பை சுவரொட்டிகளில் போடுகிறார்கள். நைலானுக்கே இன்னும் நூறு வயசு ஆகவில்லை. அந்த எண் ஒரு கணிப்பு, யாரும் இருந்து பார்த்ததில்லை.

கல்லூரி நாட்களில் ஊர் ஏரியில், சிக்கு விழுந்தால் பல்லால் கடித்து அறுத்துவிட்டுப் புதுசு கட்டுவோம். போன மாதம் போயிருந்தேன். கருவேல மரத்தில் நரம்புச் சுருள் ஒன்று வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. எங்களுடையதாகவும் இருக்கலாம். முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு பாதியைத்தான் எடுக்க முடிந்தது.